காதறுத்த துரைக்கு ஒரு விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய, மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் ஆளுநர் ஜான் எண்டிகாட் துரையவர்கள் சமுகத்துக்கு,

தாங்கள் 1665இல் காலமானீர்கள். மூன்றரை நூற்றாண்டு ஓடிவிட்டது. ஆனாலும் தங்கள் ஆட்சிமுறைக்கு உலகெங்கும் வாரிசுகள் பெருகிக்கொண்டே போவதால், மூலவருக்கே ஒரு பாராட்டு மடல் எழுதிவிடலாம் என்று துணிந்தேன். பிழையிருந்தால் பொறுத்தருள வேண்டும். பொறுப்பது தங்கள் வழக்கமல்ல என்று தெரியும்; சம்பிரதாயத்துக்குச் சொல்லி வைத்தேன்.

முதலில் தங்கள் மனசாட்சிக்கு ஒரு வணக்கம். 1634இல் சேலத்தில் (நம் மாம்பழச் சேலம் அல்ல, தங்கள் சேலம்) ஆங்கிலேயக் கொடியைப் பிடித்து, அதிலிருந்த சிலுவையைத் தாங்கள் வெட்டி எடுத்தீர்கள். அது போப்பாண்டவர் மதத்தின் மிச்சம், விக்கிரகம், அதன் பின்னால் அணிவகுத்து நடக்க மனசாட்சி இடம் தராது என்பது தங்கள் கட்சி. அரசனின் கொடியில் கத்தி வைத்தவருக்கு உங்கள் சபை கொடுத்த தண்டனை, ஓராண்டு பதவியில் இருக்கக் கூடாது என்பது. அவ்வளவுதான். பிறகு ஆளுநர் நாற்காலியே தேடி வந்தது. இருபத்திரண்டு ஆண்டு கழித்து வேறு சிலர் வந்து, மனிதனுக்கு முன்னால் தொப்பியைக் கழற்ற எங்கள் மனசாட்சி இடம் தராது என்றார்கள். கொடியைக்கூட அவர்கள் தொடவில்லை. உடனே சவுக்கு வந்தது, சிறை வந்தது, கத்தி வந்தது, கடைசியில் கயிறும் வந்தது. தனக்கு வந்தால் ரத்தம், அடுத்தவனுக்கு வந்தால் தக்காளிச் சட்னி என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். தங்களிடமிருந்துதான் கற்றார்களோ என்னவோ.

காது விஷயத்துக்கு வருகிறேன். 1637இல் லண்டனில், பேராயர் லாடின் ஆட்கள் வில்லியம் பிரின், ஹென்றி பர்ட்டன், ஜான் பாஸ்ட்விக் என்ற மூன்று பியூரிட்டன்களைக் கட்டையில் பூட்டிக் காதுகளை அறுத்தார்கள். மூவரும் தங்கள் ஆட்கள். பியூரிட்டன் உலகமே கொதித்தது. இப்படிப்பட்ட கொடுமைக்குப் பயந்துதானே கப்பலேறி அட்லாண்டிக்கைத் தாண்டி, காட்டை அழித்து, புதிய எருசலேமைக் கட்ட வந்தீர்கள்! 1658இல் அந்த எருசலேமின் சிறைக்குள் கிறிஸ்டபர் ஹோல்டர், ஜான் கோப்லண்ட், ஜான் ரவுஸ் என்ற மூன்று குவேக்கர்களின் வலது காதுகள் அறுக்கப்பட்டன. அங்கே மூவர், இங்கேயும் மூவர். கணக்கில் தாங்கள் பிசகவில்லை. லாடு பட்டப்பகலில் ஊர் நடுவே அறுத்தார். தாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு அறுத்தீர்கள். இந்த நாகரிக வளர்ச்சியைப் பாராட்டாத கேதரின் ஸ்காட் என்ற பெண்மணி, இருட்டில் செய்கிற வேலையா இது என்று கேட்டார். கேட்டதற்கு அவருக்கும் சவுக்கடி கிடைத்தது. சந்தேகம் கேட்பவர்களை இவ்வளவு வேகமாகத் தெளியவைத்த அரசு வேறு உண்டா?

இந்தக் குவேக்கர்கள் அப்படி என்ன செய்துவிட்டார்கள் என்று இன்றைய வாசகர்கள் சிலர் அறியாமையால் கேட்கக்கூடும். தங்கள் சார்பில் நானே சொல்கிறேன்.

ஜார்ஜ் ஃபாக்ஸ் என்று செருப்புத் தைக்கும் தொழில் பழகிய ஓர் ஆள். எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. 1640களின் கடைசியிலும் 1650களிலும் இங்கிலாந்தின் வடக்கே ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கிறிஸ்துவின் ஒளி இருக்கிறது, அதைக் கேட்க இடைத்தரகர் தேவையில்லை என்று சொன்னார். இதன் பொருளாதார விளைவைத் தங்கள் போதகர்கள் ஒரு நொடியில் புரிந்துகொண்டார்கள். ஒளி இலவசமாகக் கிடைத்தால் பிரசங்கத்துக்குச் சம்பளம் யார் கொடுப்பார்கள்? தசமபாகம் யார் கட்டுவார்கள்? அவரைப் பின்பற்றிய குவேக்கர்கள் அதோடு விட்டார்களா? கூட்டத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆவி ஏவினால் எழுந்து பேசலாம், அதுவும் பெண்கள்கூடப் பேசலாம் என்றார்கள். சத்தியமே பண்ணாதிருங்கள் என்று கிறிஸ்து சொன்னதை, சொன்னபடியே நம்பி, நீதிமன்றத்தில் ஆணையிட மறுத்தார்கள். வேதாகமத்தைத் தலையில் வைத்து ஆடுகிற ஊரில் அதிலுள்ளதைச் செய்து காட்டுவது எவ்வளவு பெரிய ஒழுங்கீனம்! பணக்காரனையும் பிச்சைக்காரனையும் ஒரே மாதிரி ஒருமையில் விளித்தார்கள். தொப்பியைக் கடவுளுக்கு முன் மட்டுமே கழற்றினார்கள். ஆக, ஒரு குவேக்கர் நிமிர்ந்து நின்றாலே நீதிபதி, பிரபு, போதகர் மூவரும் ஒரே நேரத்தில் குட்டையாகிப் போனார்கள். மனம் புண்படாதா பின்னே?

அவர்கள் சாதுக்களாகவே இருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பிரசங்கம் நடக்கும்போதே எழுந்து போதகரைப் பொய்யன் என்று கூப்பிடுகிற பழக்கம் அவர்களில் சிலருக்கு இருந்தது. எரிச்சல் ஊட்டுவதில் கைதேர்ந்தவர்கள். எரிச்சலுக்கு மருந்து காதை அறுப்பதுதான் என்பது மட்டும் தங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு.

1656 ஜூலையில் பார்படோஸிலிருந்து வந்த கப்பலில் இரண்டு பெண்கள் பாஸ்டன் துறைமுகத்தில் இறங்கினார்கள். ஒருவர் மேரி ஃபிஷர், வீட்டு வேலைக்காரியாக இருந்தவர். இன்னொருவர் ஆன் ஆஸ்டின், ஐந்து பிள்ளை பெற்ற வயதான அம்மா. இரண்டு பெண்கள்! ஒரு குடியேற்றமே நடுங்கிற்று. அவர்களைத் தண்டிக்க அன்றைக்குச் சட்டப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. அது ஒரு தடையா? தாங்கள் ஊரில் இல்லாததால் துணை ஆளுநர் பெல்லிங்காம் பொறுப்பை ஏற்றார். புத்தகங்களைப் பறித்துக் கொளுத்தினார். இருவரையும் சிறையில் தள்ளி, யாரும் எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிடக் கூடாது என்று சன்னலுக்குப் பலகை அடித்தார். சூனியக்காரியின் மச்சம் இருக்கிறதா என்று துணியை உரிந்து உடம்பெல்லாம் தேடச் செய்தார். மச்சம் கிடைக்கவில்லை. நிக்கோலஸ் அப்ஷால் என்ற கிழவர், பட்டினியில் செத்துப்போவார்களே என்று சிறைக்காவலருக்கு வாரம் ஐந்து ஷில்லிங் கொடுத்து அவர்களுக்குச் சோறு அனுப்பினார். அந்தப் பாவத்துக்கும், பிறகு வந்த குவேக்கர் தடைச் சட்டத்தை எதிர்த்துப் பேசியதற்கும் சேர்த்து அவரையும் ஊரைவிட்டுத் துரத்தினீர்கள். ஐந்து வாரம் கழித்துப் பெண்களை மறுபடி கப்பலேற்றினார்கள். ஊர் திரும்பிய தாங்கள், நான் இருந்திருந்தால் சவுக்கடியும் கொடுத்தே அனுப்பியிருப்பேன் என்று அங்கலாய்த்ததாகக் குவேக்கர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கடமை தவறிய வருத்தம் ஒரு நல்ல நிர்வாகிக்கு இருக்கத்தானே செய்யும்.

அந்த வேலைக்காரி மேரி ஃபிஷர் 1658இல் என்ன செய்தார் தெரியுமா? துருக்கிச் சுல்தானைப் பார்க்கப் போனார். கடலில் பாதி, காலால் பாதி. எட்ரியானோப்பிளில் படையோடு பாளையம் இறங்கியிருந்த நான்காம் மெஹ்மதின் கூடாரத்துக்குள் போய், கடவுளிடமிருந்து உனக்கு ஒரு செய்தி இருக்கிறது என்றார். சுல்தான் பேசச் சொன்னார். முழுதும் கேட்டார். வழிக்குக் காவல் தருகிறேன் என்றார்; அந்த அம்மாள்தான் வேண்டாம் என்றுவிட்டார். ஐரோப்பாவே பேர் சொல்லி நடுங்கிய ஒரு முகமதிய அரசனுக்குத் தாங்க முடிந்த ஒரு பிரசங்கம், தேவனுடைய நகரமான பாஸ்டனுக்குத் தாங்கவில்லை. தங்கள் விசுவாசத்தின் உறுதி அப்படிப்பட்டது: பலகை அடித்த சன்னல் வழியே ஒரு கிழவியின் குரல் கசிந்தால் இடிந்து விழுந்துவிடும்.

அப்புறம் சட்டங்கள் வந்தன. 1656இல் குவேக்கரை ஏற்றி வரும் கப்பல்காரனுக்கு 100 பவுண்டு அபராதம். 1657இல் குவேக்கருக்கு இடம் கொடுக்கும் வீட்டுக்கு மணிக்கு 40 ஷில்லிங். விருந்தோம்பலுக்கு மீட்டர் போட்ட முதல் அரசு தங்களுடையதாகத்தான் இருக்கும். துரத்தியபின் திரும்பி வந்தால் முதல் தடவை ஒரு காது, இரண்டாம் தடவை மற்றக் காது, மூன்றாம் தடவை பழுக்கக் காய்ச்சிய இரும்பால் நாக்கில் துளை. பெண்களுக்குக் காது மட்டும் விலக்கு, பதிலாகச் சவுக்கு. மாதர்குலத்தின் மேல் மதிப்பு. 1658இல், அதுவும் போதாமல், திரும்பினால் தூக்கு. இந்தச் சட்டம் பிரதிநிதிகள் அவையில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறிற்று. மற்றவர்களுக்கு என்ன நோய் என்று தாங்கள் விசாரித்திருக்க வேண்டும்.

வில்லியம் பிரெண்ட் என்ற கிழவரைத் தார் பூசிய கயிற்றால் சிறைக்காவலன் அடித்தான். நூறுக்குப் பக்கத்தில் அடி. உடம்பு கூழாகி, நினைவு தப்பிக் கிடந்தார். ஊரே சிறை வாசலில் கூடிவிட்டது. தாங்களே பயந்துபோய் மருத்துவரை அனுப்பினீர்கள். காவலனை விசாரிப்போம் என்று ஒட்டிய அறிவிப்பைப் போதகர் ஜான் நார்ட்டன் கேவலமாக நினைத்தார். பிரெண்ட் நம் சுவிசேஷ நியமங்களைக் கன்றிப்போக அடித்தான், இவனைக் கன்றிப்போக அடித்ததில் என்ன தப்பு என்பது அவர் வாதம். நியமம் பட்ட காயம் எந்த முதுகில் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் தங்கள் சேலத்துக்காரர்களே ஆன சவுத்விக் குடும்பம். லாரன்ஸ், கசாண்ட்ரா என்ற கிழத் தம்பதியைச் சிறையில் போட்டு, அபராதத்தில் உறிஞ்சி, 1659இல் ஊரைவிட்டு அனுப்பினீர்கள். ஷெல்டர் தீவில் ஒருவர் பின் ஒருவராகச் செத்துப்போனார்கள். அவர்கள் பிள்ளைகள் டேனியலும் புரொவைடடும் தேவாலயத்துக்கு வராததற்கு விதித்த அபராதத்தைக் கட்டவில்லை. கட்ட எதுவும் மிச்சமில்லை. ஆகவே இருவரையும் வர்ஜினியாவிலோ பார்படோஸிலோ விற்றுக் கடனை ஈடுகட்டலாம் என்று தங்கள் பொதுச்சபை தீர்மானம் போட்டது. பொருளாளர் கப்பல் கப்பலாக ஏறி இறங்கினார். ஒரு கப்பல்காரர், இதுகள் என் ஆட்களையெல்லாம் கெடுத்துவிடுமே என்று சாக்குச் சொன்னார். பயப்படாதே, யாருக்கும் தீங்கு செய்யாத பிள்ளைகள் என்றார் பொருளாளர். அப்படிப்பட்ட பிள்ளைகளையா அடிமையாக விற்கிறாய் என்று திருப்பிக் கேட்டார் அவர். விற்பனை நடக்கவில்லை. அந்த ஊரில் வேதம் தெரிந்தது கப்பல்காரனுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

மேரி டையர் கதைக்கு வருகிறேன். 1638இல் ஆன் ஹட்சின்சனை, பெண்ணாகப் பிறந்து வேதம் வியாக்கியானம் செய்த குற்றத்துக்குச் சபைநீக்கம் செய்தீர்கள். அவர் எழுந்து வெளியே நடந்தபோது கூட எழுந்து நடந்த ஒரே தோழி மேரி டையர். அது யார் என்று கூட்டத்தில் முணுமுணுத்தார்கள். ஐந்து மாதம் முன்பு செத்துப் பிறந்த, உருக்குலைந்த ஒரு பெண் குழந்தையை அவள் ஓசைப்படாமல் புதைத்திருந்த விஷயம் அப்போது வெளியே வந்தது. அன்றைய ஆளுநர் ஜான் வின்த்ராப் அந்தக் குழியைத் தோண்டினார். தோண்டி எடுத்ததை ஊர் கூடிப் பார்த்தது. கொம்பும் செதிலும் இருந்தன என்று எழுதிக் கடலுக்கு அப்பாலும் அனுப்பினார். தப்பான மதக்கருத்து வயிற்றில் என்ன விளைக்கும் என்பதற்கு அத்தாட்சியாம்.

எண்டிகாட், இதுவரை உன்னைத் ‘தாங்கள்’ என்று எழுதி வந்தேன். இனி அது முடியாது. குவேக்கர்கள் ராஜாவையே நீ என்றுதான் கூப்பிட்டார்கள். நீ எந்த மூலைக்கு?

பெற்றவள் புதைத்த பிள்ளையைத் தோண்டிய ஊருக்கு அவள் 1659இல் குவேக்கராகத் திரும்பி வந்தாள். சிறையில் கிடந்த தன் ஆட்களைப் பார்க்க வந்தாள். அக்டோபர் 27ஆம் தேதி அவளையும் வில்லியம் ராபின்சன், மார்மடியூக் ஸ்டீவன்சன் என்ற இரண்டு இளைஞர்களையும் தூக்குக்கு நடத்திப் போனீர்கள். அவர்கள் பேசினால் கூட்டம் கேட்டுவிடும் என்று வழி நெடுக முரசு அடித்தீர்கள். மூவரும் கைகோத்து நடந்தார்கள். இரண்டு வாலிபர்களுக்கு நடுவே கையைப் பிடித்துக்கொண்டு போகிறாயே, வெட்கமாக இல்லையா என்று உன் அதிகாரி அவளைக் கேட்டான். கொல்லக் கூட்டிப்போகிறவனுக்கு வெட்கத்தைப் பற்றி அவ்வளவு அக்கறை. இரண்டு பேரும் தொங்கி முடிந்தார்கள். அவள் ஏணியில் ஏறினாள். கையையும் காலையும் பாவாடையோடு சேர்த்துக் கட்டினார்கள். முகத்தை மூட, ஒரு காலத்தில் அவளுக்குப் போதகராயிருந்த ஜான் வில்சன் தன் கைக்குட்டையைக் கொடுத்தான். கழுத்தில் கயிறு விழுந்தபிறகு, தண்டனை நிறுத்தம் என்று கூவினார்கள். அது கடைசி நிமிடக் கருணை ஒன்றும் இல்லை. மகன் கேட்டுக்கொண்டதற்காக உயிரை விடுவது என்றும், ஆனால் மற்ற இருவரும் சாகிறவரை கழுத்தில் கயிற்றோடு நிறுத்தி வைப்பது என்றும் உன் சபை ஒன்பது நாள் முன்பே ஏட்டில் எழுதி வைத்திருந்தது. நாடகம் பார்ப்பது பாவம் என்று தடுத்த கூட்டம் போட்ட நாடகம் அது.

ஊர் முகம் சுளித்ததும் ஒரு விளக்க அறிக்கை வெளியிட்டாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் உயிரைக் காக்கும் பொருட்டு வாளை நீட்டிப் பிடித்தோம்; அவர்களாகவே ஓடிவந்து அதில் பாய்ந்துகொண்டார்கள்; ஆகவே இது அவர்கள் செய்துகொண்டது, தற்கொலைக்கு ஒப்பு என்பது அதன் சாரம். நீ அறுத்த காதெல்லாம் தானாகவே கத்தியைத் தேடி வந்த காது! அன்றிலிருந்து இன்றுவரை மக்களைக் கொன்றுவிட்டு அறிக்கை எழுதுகிற ஒவ்வொரு குமாஸ்தாவும் உன் அறிக்கையைத்தான் பார்த்து எழுதுகிறான். பெயரை மாற்றுவான், தேதியை மாற்றுவான். தற்காப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

மேரி டையர் மறுபடி வந்தாள். 1660 ஜூன் 1. ஏணியில் நிற்கும்போது, திரும்பிப் போகிறேன் என்று ஒரு சொல் சொன்னால் விட்டுவிடுகிறோம் என்றீர்கள். முடியாது என்றாள். அடுத்த ஆண்டு வில்லியம் லெட்ரா. நான்கு பேர்.

உன் கையைப் பிடித்தது உன் மனசாட்சி அல்ல, உன் ராஜா. 1661இல் இரண்டாம் சார்லஸ், குவேக்கர்களைக் கொல்லாதே, வழக்கிருந்தால் இங்கே அனுப்பு என்று ஓலை எழுதினான். அதை உன் கையில் கொடுக்க, நீ நாடு கடத்திய சேலம் குவேக்கர் சாமுவேல் ஷாட்டக்கையே அனுப்பினான். தொப்பியோடு நின்றவனைப் பார்த்து, தொப்பியைப் பிடுங்கு என்றாய். ஓலையில் முத்திரையைப் பார்த்ததும் அவன் தொப்பியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, உன் தொப்பியை நீயே கழற்றினாய். ஒரு தொப்பிக்காக எத்தனை முதுகு உரிந்தது! தூக்குக்குத் தடை வந்ததே தவிர சவுக்குக்கு நீ வழி கண்டுபிடித்தாய்: இடுப்புவரை துணியை உரிந்து, வண்டியின் பின்னால் கட்டி, ஊர் ஊராக அடித்துக்கொண்டே எல்லைவரை விரட்டும் சட்டம். ராஜாவும் யோக்கியன் இல்லை. உன்னைக் கண்டித்த அதே காலத்தில் தன் சொந்தச் சிறைகளைக் குவேக்கர்களால் நிரப்பிக்கொண்டுதான் இருந்தான்.

நீ செத்து ஐந்து ஆண்டு கழித்து, 1670இல், லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நடந்ததை நீ பார்த்திருந்தால் ரசித்திருப்பாய். கூட்ட மண்டபத்தைச் சிப்பாய்கள் பூட்டிவிட்டதால் வில்லியம் பென் தெருவில் நின்று பிரசங்கித்தார். கலகம் செய்தார் என்று வழக்கு. கூட வில்லியம் மீட். இருவரும் தொப்பியில்லாமல் நீதிமன்றத்துக்குள் வந்தார்கள். மேயர் சாமுவேல் ஸ்டார்லிங், யார் இவர்கள் தொப்பியைக் கழற்றியது, திரும்ப வை என்று உத்தரவிட்டார். சேவகன் வைத்தான். தொப்பி அணிந்து நீதிமன்றத்தை அவமதித்ததாக ஆளுக்கு 40 மார்க் அபராதம் போட்டார்கள். எந்தச் சட்டத்தின்படி என்னை விசாரிக்கிறீர்கள் என்று பென் கேட்டதற்கு ஒழுங்கான பதிலே இல்லை. ஜூரிகள் பன்னிரண்டு பேர் தெருவில் பேசினார் என்று சொல்லத் தயார், கலகம் என்று சொல்லத் தயாராக இல்லை. சோறு, தண்ணீர், கணப்பு எதுவும் கொடுக்காமல் இரண்டு இரவு பூட்டி வைத்தார்கள். எட்வர்ட் புஷல் என்ற ஜூரியின் மூக்கை அறுத்துவிடுவேன் என்று மேயர் மிரட்டினார். (உங்கள் வர்க்கத்துக்கு மனித முகத்தில் நீட்டிக்கொண்டிருப்பது எதுவானாலும் கை பரபரக்கும்.) ஜூரிகள் குற்றமில்லை என்றார்கள். ஜூரிகளுக்கு அபராதம், சிறை. புஷல் மேல்நீதிமன்றம் போனார். தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது என்று தலைமை நீதிபதி வான் சொன்னார். ஆங்கிலேயச் சட்டம் இன்றுவரை மார்தட்டுகிற உரிமைகளில் ஒன்று, பசியோடு கிடந்த பன்னிரண்டு பேரின் பிடிவாதத்தால் வந்தது.

அந்தக் குவேக்கர்களுக்கு அதிகாரம் கிடைத்தால் அவர்களும் என்னைப் போலத்தான் என்று நீ முனகுவது கேட்கிறது. முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். பென்சில்வேனியாவில் 1692இல் குவேக்கர் நீதிபதிகள், தங்களை எதிர்த்து எழுதிய ஜார்ஜ் கீத் என்ற குவேக்கருக்கு அபராதம் விதித்தார்கள். அதை அச்சிட்ட வில்லியம் பிராட்ஃபர்டைச் சிறையில் போட்டு அச்சுச் சாமானைப் பறித்தார்கள். உன் பள்ளிக்கூடத்தில் அவர்களும் கொஞ்ச காலம் படித்திருக்கிறார்கள். ஒளியைப் பற்றிப் பேசிய பென் அடிமைகளும் வைத்திருந்தார். இதைச் சொல்லி நீ தப்பித்துக்கொள்ளலாம் என்று மட்டும் பார்க்காதே.

உனக்குப் பக்கத்திலேயே வேறு வழி தெரிந்த மனிதர்கள் இருந்தார்கள். குவேக்கர்களை விரட்டு என்று நீங்கள் மிரட்டியபோது ரோட் தீவுக்காரர்கள் 1657இல் பதில் எழுதினார்கள்: எங்களிடம் அப்படி ஒரு சட்டமில்லை, மேலும், யாரும் அடிக்காத எங்கள் ஊருக்கு வர அவர்களுக்கே பிரியமில்லை, அடி வாங்கிப் பெயரெடுக்கும் இடத்துக்குத்தான் ஆசைப்படுகிறார்கள் என்று. அந்தக் குடியேற்றத்தைத் தொடங்கிய ரோஜர் வில்லியம்ஸ், உங்கள் ஆட்கள் பனிக்காலத்தில் ஊரைவிட்டு விரட்டியவர். அவருக்குக் குவேக்கர்களைக் கண்டாலே ஆகாது. உள்ளொளி என்பது சுத்தப் பிதற்றல் என்று நினைத்தார். 1672இல், எழுபது வயதை ஒட்டிய அந்தக் கிழவர் என்ன செய்தார்? பிராவிடன்ஸிலிருந்து நியூபோர்ட்வரை ஒரு பகல் முழுக்கத் தோணி வலித்துக்கொண்டு போய், குவேக்கர்கள் மூன்று பேரோடு நாள் கணக்கில் வாதாடினார். அவர்கள் கத்தினார்கள், இவரும் கத்தினார். திரும்பி வந்து ஜார்ஜ் ஃபாக்ஸைக் கிழித்துத் தொங்கவிட்டு ஒரு தடிப் புத்தகம் எழுதினார். அது 1676இல் அச்சானது எங்கே தெரியுமா? உன் பாஸ்டனில். ஃபாக்ஸ் சும்மா இருந்தாரா? 1678இல் இன்னொரு தடிப் புத்தகத்தால் பதிலுக்கு வெளுத்து வாங்கினார். இரண்டிலும் வசைக்குப் பஞ்சமில்லை. நாகரிகமானவர்கள் படித்தால் முகம் சுளிப்பார்கள். ரோட் தீவில் அதற்காக ஒருவர் காதும் போகவில்லை.

இப்படிக்கு,
தொப்பியைக் கழற்றாமலே,
ஒரு வாசகன்.